லேப்டாப்பில் சத்தம் நின்றுபோனால் எங்கே தேடுவது?

லேப்டாப்பில் திடீரென்று சத்தம் வரவில்லை என்றால் பலரும் உடனே முடிவுகட்டுவது ‘ஸ்பீக்கர் போய்விட்டது’ என்றுதான். இல்லையென்றால் யாரோ சொன்னார்கள் என்று விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி போடக் கிளம்பிவிடுவார்கள். இரண்டுமே அவசரம். இரண்டு பக்க ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். கெடப்போகிற ஸ்பீக்கர் பெரும்பாலும் முதலில் கரகரக்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் அடங்கிப்போகும். நேற்று இரவுவரை ஒழுங்காகப் பாடிய லேப்டாப் இன்று காலை முழு மௌனம் என்றால், சத்தம் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது வரும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது பல நேரம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பாட்டுக் கேட்பவர்களுக்கு மட்டுமான கவலை இல்லை இது. ஆன்லைன் வகுப்பு, வேலைக்கான நேர்காணல், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ கால் எல்லாம் இதை நம்பித்தான் நடக்கின்றன. பார்வையற்றவர்களுக்கு இன்னும் சிக்கல். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் பேசினால்தான் அவர்களால் கணினியையே இயக்க முடியும். சத்தம் போனால் திரையே போன மாதிரி. அதனால் விசைப்பலகையிலேயே செய்துவிடக்கூடியவற்றை ஆங்காங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

சத்தம் வரும் வழி

யூடியூபில் ஒரு பாட்டை ஓடவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ப்ரௌசர் அந்தப் பாட்டை எண்களாக விரிக்கிறது. ஒரு விநாடிக்கு, ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 அல்லது 48,000 எண்கள் என்பது வழக்கமான கணக்கு. இந்த எண்கள் விண்டோஸில் உள்ள மிக்ஸருக்குப் போகின்றன. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களின் சத்தத்தையும் கலந்து, எந்தக் கருவிக்கு அனுப்பவேண்டும் என்று பார்த்து அனுப்புவது மிக்ஸரின் பொறுப்பு. அடுத்து, ஒலிக்கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை வாங்கி, மதர்போர்டில் இருக்கும் கோடெக் என்ற சின்ன சிப்பிடம் கொடுக்கிறது. ரியல்டெக் என்ற பெயரை டிவைஸ் மேனேஜரில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் இந்தச் சிப்பைச் செய்து தரும் நிறுவனம் அதுதான். எண்களை மின்னலைகளாக மாற்றுவது கோடெக்கின் வேலை. ஆம்ப்ளிஃபையர் அந்த அலைகளைப் பெருக்கித் தர, ஸ்பீக்கர் அதிர்கிறது.

நிரல், மிக்ஸர், டிரைவர், கோடெக், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். இந்த வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், கீழே வரும் ஒவ்வொரு சோதனையும் எதற்கு என்று தானாகவே புரிந்துவிடும்.

வீட்டில் கரண்ட் போனால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்போம். எரிந்தால் கோளாறு நம் வீட்டுக்குள், எரியாவிட்டால் தெருவில். ஒரே பார்வையில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். சத்தத்துக்கும் இதே முறைதான். எதையும் மாற்றுவதற்கு முன்னால், வழியை இரண்டாகப் பிரித்துக் காட்டும் ஒரு சோதனையைச் செய்ய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இருபது யோசனைகளையும் வரிசையாகச் செய்துபார்ப்பவர்கள் சில நேரம் ஒரு கோளாறை மூன்றாக்கிக்கொள்கிறார்கள். எதைச் செய்ததால் சரியானது, எதைச் செய்ததால் கெட்டது என்பதே பிறகு தெரியாமல் போகும்.

ரீஸ்டார்ட்டும் ஷட் டவுனும் வேறு வேறு

சோதனைகளுக்கு முன்னால் ஒரு ரீஸ்டார்ட். இதைச் சொன்னால் “நேற்றே ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சே” என்பார்கள். ஆனால் விண்டோஸில் அது போதாது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. இது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் உள்மையமும் டிரைவர்களும் அப்போது இருந்த நிலை டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். மறுபடி ஆன் செய்யும்போது அதே நிலையிலிருந்து கணினி தொடரும். சிக்கிக்கொண்ட ஒலி டிரைவர் சிக்கிய நிலையிலேயே திரும்பி வந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து ஏற்றப்படும்.

திரையைப் பார்க்க முடியாதவர்கள் விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி, கையை எடுத்துவிட்டு யு, பிறகு ஆர் அழுத்தினால் ஆங்கில விண்டோஸில் கணினி ரீஸ்டார்ட் ஆகும். அதற்கு முன் திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிடுங்கள்.

ரீஸ்டார்ட்டிலும் சரியாகவில்லை என்றால் இன்னொன்று. லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருந்துவிட்டு ஆன் செய்யுங்கள். மதர்போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து, சிப்கள் புதிதாகத் தொடங்கும். ஸ்லீப்பிலிருந்து எழும்போது சத்தத்தைத் தொலைக்கிற லேப்டாப்களில் இது பல நேரம் கைகொடுக்கும்.

ஒரு இயர்போன் சொல்லும் சேதி

இப்போது ஒரு சாதாரண ஒயர் இயர்போனைச் செருகுங்கள். முடிந்தால் ஒரு ப்ளூடூத் இயர்போனையோ யுஎஸ்பி ஹெட்செட்டையோ வைத்தும் பாருங்கள். இந்த இரண்டு சோதனைகளில் கிடைக்கும் தகவல் ஏராளம்.

ஒயர் இயர்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் இல்லை என்றால் நிரலிலிருந்து கோடெக் வரை எல்லாம் நலம் என்று பொருள். சந்தேகம் கடைசிப் பகுதி மேல்தான்: இயர்போன் ஜாக், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். டிரைவரை மாற்றுகிறேன் என்று உட்காராமல் நேராக ஜாக்கைப் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

ஒயர் இயர்போனிலும் இல்லை, ஆனால் ப்ளூடூத்தில் கேட்கிறது என்றால் கதை வேறு. ப்ளூடூத் சத்தம் லேப்டாப்பின் கோடெக் சிப் பக்கமே போவதில்லை. எண்களாகவே காற்றில் போய், இயர்போனுக்குள் இருக்கும் சிப்பில்தான் மின்னலையாக மாறுகிறது. யுஎஸ்பி ஹெட்செட்டும் அப்படித்தான், அதற்குள்ளேயே தனி மாற்றி உண்டு. அப்படியானால் நிரலும் மிக்ஸரும் நன்றாக இருக்கின்றன. கோளாறு லேப்டாப்பின் சொந்த டிரைவரிலோ கோடெக்கிலோ இருக்கிறது.

எதிலுமே கேட்கவில்லை என்றால் கோளாறு இன்னும் முன்னால், மிக்ஸர் பக்கமாகவோ நிரலிலோ இருக்கலாம்.

சத்தம் வேறெங்கோ போகிறதா?

சத்தம் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, அண்மையில் டிவியில் இணைத்தீர்களா, புது இயர்பட்ஸ் வாங்கினீர்களா என்பதுதான். எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும். கேபிளைச் செருகியதும் டிவியோ மானிட்டரோ ஒரு ஒலிக்கருவியாகவும் விண்டோஸில் பதிவாகி, சத்தம் அங்கே திரும்பிவிடலாம். மானிட்டருக்கு ஸ்பீக்கரே இல்லையென்றாலும் சத்தம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். ப்ளூடூத் இயர்பட்ஸும் இப்படித்தான். டப்பாவுக்குள் சரியாக உட்காராமல் அடுத்த அறையில் கிடந்தால், லேப்டாப் அதனோடு பேசிக்கொண்டே இருக்கும்.

விண்டோஸ் 11-ல் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்தக் கருவிக்குச் சத்தம் போகிறது என்ற பட்டியல் வரும். விண்டோஸ் 10-ல் டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, மேலே தெரியும் கருவிப் பெயரைத் தட்டினால் அதே பட்டியல். அதில் ‘ஸ்பீக்கர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில ப்ளூடூத் ஹெட்செட்கள் விண்டோஸ் 10-ல் ஸ்டீரியோ, ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்று இரண்டு பெயர்களில் தெரியும். முதலாவது பாட்டுக்கு, இரண்டாவது பேசுவதற்கு. பாட்டுக் கேட்க ஸ்டீரியோவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் மைக்குக்கும் சேர்த்து இடம் விடவேண்டியிருப்பதால் பாட்டு பழைய தொலைபேசியில் கேட்பதுபோல இருக்கும்.

மியூட் விசையையும் பார்த்துவிடுங்கள். பல லேப்டாப்களில் எஃப் 1 வரிசையில் ஒரு விசையில் குறுக்குக்கோடு போட்ட ஸ்பீக்கர் படம் இருக்கும். துடைக்கும்போது கை பட்டாலே போதும்.

ஒரே ஒரு நிரல் மட்டும் ஊமையா?

யூடியூபில் வருகிறது, சேமித்துவைத்த ஒரு படத்தில் மட்டும் வரவில்லை என்றால் லேப்டாப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கோப்பின் ஒலி டால்பி அல்லது டிடிஎஸ் வடிவத்தில் இருக்கலாம். சில ப்ளேயர்களுக்கு அதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. படம் ஓடும், வாய் அசையும், சத்தம் வராது. விஎல்சி ப்ளேயரில் அதற்கான வசதி உள்ளேயே இருப்பதால் அதில் போட்டுப் பாருங்கள்.

ப்ரௌசரில் ஒரு தளம் மட்டும் பேசவில்லை என்றால் அந்த டேபின் மேல் வலது க்ளிக் செய்து, அது மியூட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஜூம், கூகுள் மீட் போன்றவற்றுக்கு அவற்றுக்கென்றே தனி ஸ்பீக்கர் தேர்வு இருக்கிறது. விண்டோஸில் சரியாக இருந்தாலும் அங்கே பழைய ஹெட்செட் பெயர் நின்றுகொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட், வால்யூம் மிக்ஸர் என்று போனால் ஒவ்வொரு நிரலின் அளவும் தனித்தனியாகத் தெரியும். அங்கே ஏதோ ஒன்று பூஜ்யத்தில் கிடப்பது அடிக்கடி நடப்பதுதான்.

சத்தம் முழுதாகப் போகாமல் கால் பேசும்போது மட்டும் திடீரென்று தாழ்ந்துபோகிறது என்றால் காரணம் விண்டோஸ்தான். நீங்கள் பேசுவதைக் கண்டதும் மற்ற நிரல்களின் சத்தத்தை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு அதில் உண்டு. கீழே சொல்லப்போகும் பழைய சவுண்ட் பெட்டியில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘டூ நத்திங்’ என்று வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

பச்சைக்கோடு

எனக்குப் பிடித்த சோதனை இது. செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குள் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்று ஒன்று இருக்கும். விண்டோஸ் 10-ல் ‘சவுண்ட் கண்ட்ரோல் பேனல்’. திறந்தால் பழைய பாணியில் ஒரு சின்னப் பெட்டி வரும். ‘ப்ளேபேக்’ பகுதியில் ஒவ்வொரு ஒலிக்கருவியின் பக்கத்திலும் ஒரு அளவுகோல் நிற்கும். ஒரு பாட்டை ஓடவிட்டுக்கொண்டே அதைப் பாருங்கள்.

ஸ்பீக்கர்ஸ் பக்கத்தில் பச்சைக்கோடு ஏறி இறங்கினால், நிரலும் மிக்ஸரும் தங்கள் வேலையை முடித்து ஸ்பீக்கரின் பெயருக்குச் சத்தத்தை ஒப்படைத்துவிட்டன என்று பொருள். காதில் விழவில்லை என்றால் கோளாறு அதற்குக் கீழே: டிரைவர், கோடெக், ஜாக், ஸ்பீக்கர். வேறொரு கருவியின் பக்கத்தில் கோடு ஆடினால் சத்தம் அங்கே போகிறது. ஸ்பீக்கர்ஸை வலது க்ளிக் செய்து இயல்பான கருவியாக ஆக்குங்கள். எதன் பக்கத்திலும் ஆடவில்லை என்றால் நிரலிலிருந்தே சத்தம் வெளியே வரவில்லை.

பட்டியலில் ஸ்பீக்கர்ஸே இல்லையா? வெற்றிடத்தில் வலது க்ளிக் செய்து, முடக்கப்பட்ட கருவிகளைக் காட்டச் சொல்லுங்கள். யாரோ தவறுதலாக முடக்கியிருந்தால் மங்கலாகத் தெரியும்.

டிரைவர்

பச்சைக்கோடு ஆடுகிறது, ஸ்பீக்கரிலும் ஒயர் இயர்போனிலும் ஒன்றும் இல்லை. அல்லது ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருக்கிறது. இப்போதுதான் டிரைவரின் முறை.

ஸ்டார்ட் பட்டனை வலது க்ளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட் என்று தொடங்கும் வரியை விரியுங்கள். அண்மையில் விண்டோஸ் அப்டேட் ஆன பிறகுதான் இப்படி ஆனது என்றால் கருவியின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதை அழுத்துங்கள். பழைய டிரைவர் கைவசம் இருந்தால்தான் அந்தப் பட்டன் வேலைசெய்யும். மங்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்த வழி, கருவியை ‘அன்இன்ஸ்டால்’ செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுப்பது. பயப்பட வேண்டாம், விண்டோஸ் கருவியை மறுபடி கண்டுபிடித்து டிரைவரைத் தானே போட்டுக்கொள்ளும்.

புதிய இன்டெல் லேப்டாப்களில் ஒரு நுணுக்கம். அவற்றில் கோடெக்குக்கு முன்னால் இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் என்ற இடைப்பகுதி ஒன்று இருக்கும். அதன் டிரைவர் இல்லாவிட்டால் ரியல்டெக் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் ஒட்டாது. கோடெக் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு சத்தம் இல்லை என்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

டிரைவரை லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் மாடலின் பெயர் கொடுத்து எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே க்ளிக்கில் புதுப்பிக்கிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். தேவையில்லாத வேறு டிரைவர்களையும் மாற்றிவைத்து, விளம்பர மென்பொருளையும் சேர்த்து இறக்கும் வகை அவற்றில் உண்டு.

டிரைவர் நன்றாக இருந்தும் ஓசை இல்லை என்றால், பின்னணியில் ஓடும் நிரல்களைக் காட்டும் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் ‘விண்டோஸ் ஆடியோ’, ‘விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்’ இரண்டும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். நின்றிருந்தால் வலது க்ளிக் செய்து தொடங்கலாம்.

இயர்போன் ஜாக்

ஜாக்குக்குள் பின் செருகப்பட்டிருக்கிறதா என்று சொல்லும் ஒரு நுண்ணிய தொடர்பு இருக்கிறது. பின் உள்ளே போனால் அது நகரும். லேப்டாப் உடனே ஸ்பீக்கரை அடக்கிவிட்டு இயர்போனுக்கு மாறும். தூசியோ ஈரமோ சேர்ந்து அது செருகிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், செருகாத இயர்போன் செருகியிருப்பதாக லேப்டாப் நம்பிக்கொண்டிருக்கும். ஒன்றும் செருகாதபோதும் டாஸ்க்பாரில் ஹெட்போன் படமோ பெயரோ தெரிவது இதன் அடையாளம். பழைய மேக்புக்களின் ஜாக்கில் ஒளிவழி ஒலியும் போகும் என்பதால், அங்கே தொடர்பு ஒட்டிக்கொண்டால் ஜாக்குக்குள் சிவப்பு வெளிச்சமே தெரியும்.

பெரும்பாலும் ஒரு இயர்போனைப் பல முறை செருகி எடுத்தாலே விடுபட்டுவிடும். விடுபடாவிட்டால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த பின்னின் நுனி உள்ளே மாட்டியிருக்கலாம். தூசியென்றால் காற்று ஊதும் பம்ப் போதும். ஊசி, ஹேர்பின் எதையும் உள்ளே விடாதீர்கள்; தொடர்பு வளைந்துவிட்டால் ஜாக்கையே மாற்றவேண்டி வரும்.

இயர்போனில் பின்னணி இசை கேட்கிறது, பாடுகிறவரின் குரல் மட்டும் எங்கோ தூரத்தில் தேய்ந்து கேட்கிறது என்றால் அதுவும் ஜாக் சொல்லும் சேதிதான். பாடும் குரலை வலது, இடது இரண்டிலும் சமமாகக் கலப்பது வழக்கம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தரை இணைப்பு விட்டுப்போனால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். சமமாக இருக்கும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் கூடுதலாகக் கலக்கப்பட்ட வயலினும் தபலாவும் தப்பித்து வருகின்றன. பின்னை முழுதாக அழுத்திச் செருகிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அதே இயர்போனை வேறொரு கருவியில் செருகிப் பார்த்தால் குற்றம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

விண்டோஸா, வன்பொருளா?

இத்தனைக்குப் பிறகும் மௌனம் என்றால், கடைக்குப் போவதற்கு முன் இன்னொரு நல்ல சோதனை இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய, உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்குங்கள். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ‘டிரை உபுண்டு’ என்று கொடுத்தால் உங்கள் டிஸ்க்கைத் தொடாமல் ஓடும். அதில் சத்தம் வந்தால் கோடெக், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் மூன்றும் நலம். கோளாறு விண்டோஸ் பக்கம். விண்டோஸை மறுபடி போடுவது இப்போது நியாயமான யோசனை ஆகிறது.

அதிலும் வரவில்லை என்றால் வன்பொருள் கெட்டது என்று உடனே சொல்லிவிடக் கூடாது. மிகப் புதிய லேப்டாப்களின் ஆம்ப்ளிஃபையருக்கு லினக்ஸில் இன்னும் ஆதரவு வராமல் இருக்கலாம். பல நிறுவனங்கள் விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் சோதனைத் திட்டம் ஒன்றை லேப்டாப்பிலேயே வைத்திருக்கின்றன. டெல்லில் ஆன் செய்ததும் எஃப் 12, எச்பியில் எஃப் 2 அழுத்திப் போகலாம். அங்கேயும் ஸ்பீக்கர் ஒலிக்கவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோகும் நேரம்.

கடையில் ‘சத்தம் வரவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், இயர்போனில் வருகிறதா, ப்ளூடூத்தில் வருகிறதா, லினக்ஸில் என்ன ஆனது என்று சொல்லுங்கள். அண்மையில் பேட்டரியோ கீபோர்டோ மாற்றியிருந்தால் அதையும். உள்ளே ஸ்பீக்கரின் சின்ன கனெக்டரை மறுபடி மாட்ட மறந்திருக்கலாம். இயர்போனில் வருகிறது, ஸ்பீக்கரில் இல்லை என்றால் ஸ்பீக்கரை மாற்றிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது; அது பெரிய செலவில்லை. கோடெக் சிப்பே போயிருந்தால் மதர்போர்டு வேலை, செலவு கூடும். பழைய லேப்டாப்புக்கு அது தேவையா என்று யோசியுங்கள்.

ஏனென்றால் கோடெக் போனாலும் சில நூறு ரூபாயில் ஒரு வழி உண்டு. யுஎஸ்பி சவுண்ட் கார்டு என்று கேட்டால் பென் டிரைவ் அளவில் ஒன்று தருவார்கள். அதற்குள் தனிக் கோடெக் இருக்கிறது, விண்டோஸிலும் லினக்ஸிலும் தனி டிரைவர் போடாமலே பெரும்பாலும் ஓடும். வாங்கும்போது உங்கள் ஹெட்செட்டின் பின்னைப் பாருங்கள். பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் மைக்கும் அதிலேயே சேர்ந்திருக்கிறது, ஹெட்செட் மொத்தத்துக்கும் ஒரே துளை உள்ள கார்டு வேண்டும். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனிப் பின் என்றால் இரண்டு துளை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.